அடுப்படி வேலை உடற்பயிற்சி ஆகாது

வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்குத் தனியாக உடற்பயிற்சி தேவையில்லை என்ற நம்பிக்கை தமிழ்க் குடும்பங்களில் ஊறிப்போயிருக்கிறது. கணவர் விடிந்ததும் வாக்கிங் கிளம்புகிறார். மனைவியைப் பற்றிக் கேட்டால், “அவள்தான் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறாளே” என்கிறார்கள். பெண்களில் பலரும் அப்படியே நம்புகிறார்கள். நம்பிக்கை தவறு, கெடுவது அவர்கள் உடம்பு.

அம்மியும் ஆட்டுக்கல்லும் கிணறும் இருந்த காலத்தில் அந்தப் பேச்சில் ஓரளவு நியாயம் இருந்தது. மாவாட்டுவதும் தண்ணீர் இறைத்துச் சுமப்பதும் தோளையும் இடுப்பையும் வாங்கும் வேலைகள். அதற்காக அந்தக் காலத்துக்கு ஏங்க வேண்டியதில்லை. அந்த உழைப்பு எத்தனையோ பெண்களின் முதுகை ஒடித்தது. இன்று மிக்சி, கிரைண்டர், குழாய் வந்தபின் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் நிற்பதுதான். காலை ஐந்தரைக்குப் பால் காய்ச்சி, இட்லி ஊற்றி, சட்னி அரைத்து, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகிறது. அவ்வளவு நேரமும் அடுப்புக்கும் சிங்குக்கும் இடையில் நாலடி இடம்தான். கால் கடுக்கிறது, இடுப்பு வலிக்கிறது, மூச்சு வாங்குவதில்லை. களைப்பு வேறு, பயிற்சி வேறு.

உடலுழைப்பை ‘மெட்’ என்ற அலகால் அளக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது 1. சமையலும் பாத்திரம் கழுவுவதும் 2 முதல் 2.5 வரை. மிதமான உடற்பயிற்சி 3-இல்தான் தொடங்குகிறது. வேகநடை 4-ஐ ஒட்டி வரும். குனிந்து தரை துடைப்பது 3-ஐத் தாண்டும். ஆனால் அது சற்று நேர வேலை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பையும், இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியையும் கேட்கிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகத் தேயும் பெண்களுக்கு இரண்டாவது மிக அவசியம். கரண்டி பிடிப்பதில் அது கிடைக்காது.

இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். வீட்டு வேலை போதுமென்றால் பெண்களே உடலுழைப்பில் முந்தியிருக்க வேண்டும். நடப்பது தலைகீழ். 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வின் மதிப்பீட்டில், போதிய உடலுழைப்பு இல்லாத இந்தியப் பெண்கள் 57 விழுக்காடு, ஆண்கள் 42. வீட்டு வேலையையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும் இதுதான் நிலை.

குடும்பமே சேர்ந்து பயிற்சி செய்தால் இது மாறும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போவதை அப்படிச் சொல்ல முடியாது. அங்கே பிள்ளைகள் சறுக்குமரத்தில் ஏறுகிறார்கள், அப்பா நாலு சுற்று நடக்கிறார், அம்மா பையையும் தண்ணீர் பாட்டிலையும் காத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுந்து நடக்காதவரை அது வெறும் உலாதான். எல்லாரும் ஒரே வேகத்தில் போக வேண்டியதும் இல்லை. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரி 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் வேண்டும். டியூஷனுக்காக முதலில் வெட்டப்படுவது அதுதான். தாத்தா பாட்டிக்கு விழாமல் நிற்கும் பயிற்சி வாரம் மூன்று நாள் வேண்டும். ஒரே மைதானத்தில் மூன்று தலைமுறைக்கும் இடம் உண்டு.

பக்கத்தில் இடம் இருந்தால் மக்கள் வருவார்கள். சென்னை திருமங்கலம் ஆசியாட் காலனியில், நீரிழிவு ஆய்வாளர்களின் விழிப்புணர்வுப் பணிக்குப் பின் குடியிருப்போர் தங்கள் பணத்திலேயே பூங்கா அமைத்தார்கள். வாரம் மூன்று முறைக்குமேல் உடற்பயிற்சி செய்வோர் சுமார் 14 விழுக்காட்டிலிருந்து 59-ஐ எட்டினார்கள்.

பூங்கா இருந்தும் பெண் வராவிட்டால், அவரை அடுப்படியில் நிறுத்திவைக்கும் வேலையைத்தான் பார்க்க வேண்டும். ஆறு மணிக்கு எல்லாரும் ஒன்றாகக் கிளம்ப, காய் நறுக்குவதைக் கணவர் முந்தைய இரவே முடிக்க வேண்டும், டிபன் பாக்ஸைப் பிள்ளைகளே கட்டிக்கொள்ள வேண்டும். திரும்பி வந்தபின் காபி போடுவது யார் என்பதும் முறைவைத்து மாற வேண்டும்.