ஜெயித்த குதிரையின் நியாயம்

பாபநாசத்துக்காரனுக்குக் குதிரைப் பந்தயத்தில் என்ன அக்கறை என்று கேட்கலாம். எங்கள் ஊரில் ஓடுவது குடமுருட்டியும் ரயிலும்தான். ஆனால் தடுத்தவன், தடுக்கப்பட்டவன் என்கிற வழக்கு எங்களுக்குப் புதிதல்ல.

2019-ல் அமெரிக்காவில் கெண்டக்கி டெர்பி நடந்தது. முதலில் வந்த 'மாக்ஸிமம் செக்யூரிட்டி' வளைவில் விலகி ஓடிப் பிற குதிரைகளை மறித்ததென்று இரண்டு ஜாக்கிகள் ஆட்சேபித்தார்கள். நடுவர்கள் 22 நிமிஷம் படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பதினேழாவது இடத்துக்குத் தள்ளினார்கள். 65-க்கு 1 என்று யாரும் சீந்தாத 'கண்ட்ரி ஹவுஸ்' ஜெயித்ததாயிற்று.

"அக்கிரமம் ஸார்!" என்றார் நண்பர். பந்தயப் பைத்தியம் பிடித்தவர். "இங்கிலாந்தில் இப்படி இல்லை. மறிக்காவிட்டால் அந்தக் குதிரை முந்தியிருக்கும் என்றால்தான் இடத்தை மாற்றுவார்கள். ஜப்பான் 2013-ல், பிரான்ஸ் 2018-ல் அதற்கே மாறிவிட்டன. ஜாக்கியைத் தண்டி, குதிரையைத் தொடாதே!"

கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் தலைமடைக்காரன் ராத்திரியில் என் முறைத் தண்ணீரை அடைத்துத் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்கிறான். பஞ்சாயத்தில், "உன் வயல் களர். தண்ணீர் பாய்ந்திருந்தாலும் என் மகசூலை எட்டியிராது. வேண்டுமானால் அபராதம் கட்டுகிறேன், நெல் என்னுடையது" என்கிறான். எட்டியிருக்குமா இல்லையா என்று, அடைத்த பிறகு யார் சொல்வது? தடுத்தவனே பாக்கியசாலி என்று ஆக்குகிற விதி அது. நாகரிக தேசங்கள் ஒப்புக்கொண்டுவிட்டன என்பதற்காக நான் ஒப்புக்கொள்ளத் தயாரில்லை.

இதைச் சொன்னதும் நண்பர் என்னை நடுவர்களின் வக்கீல் என்று நினைத்துவிட்டார். இல்லவே இல்லை. தண்டித்தது சரி, தண்டித்த விதம் மகா மோசம். கெண்டக்கியில் தலைமை நடுவர் ஒரு காகிதத்தை வாசித்துவிட்டு ஒரு கேள்விக்குக்கூட நிற்காமல் போய்விட்டார். அப்பீலும் கிடையாது. சொந்தக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2020-ல் மேல் கோர்ட்டும் கையை விரித்தது.

நம் சுப்ரீம் கோர்ட்டு 1996-ல், சென்னைப் பந்தயக் கழகத்தின் வழக்கில், குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, திறமை விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. அப்படியானால் டிக்கெட்டைக் கையில் பிடித்து நிற்கிறவன், எந்தக் குதிரை எந்த இடத்தில் எதை மறித்தது என்று கேட்க உரிமையுள்ளவன். அவனுக்கும் படத்தைக் காட்டிக் காரணத்தைச் சொல்லட்டும்.

"நடுவர்களை நம்ப வேண்டாமா?" என்றார் நண்பர்.

1913-ல் எப்ஸம் டெர்பியில் எந்த ஜாக்கியும் ஆட்சேபிக்கவில்லை. நடுவர்களே ஆட்சேபித்து, நடுவர்களே விசாரித்து, முதலில் வந்த 'க்ரகனூ'ரை நீக்கி, 100-க்கு 1 விலையிலிருந்த 'அபோய'ருக்குப் பரிசைக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் அதே க்ரகனூரை வளர்த்து விற்றவர்!