வெண்பா என்னும் விளையாட்டு

பிள்ளைகள் கையில் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கும் விளையாட்டுப் பண்டங்களைப் பற்றி ஒரு தினசரியின் தலையங்கப் பக்கத்தில் எழுதுவது தகுமா என்று நேயர்களிற் சிலர் நினைக்கக்கூடும். ராஜீய விவகாரங்கள் மலைபோற் குவிந்து கிடக்கையில் வீடியோ கேமைப் பற்றிப் பேச்செதற்கு என்று அவர்கள் கேட்பார்களாயின், அக்கேள்வியைச் சில வாரங்களுக்கு முன்புவரை நாமும் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதை மறைக்காமற் கூறிவிடுகிறோம். ஆழ்வார்திருநகரியில் ஓர் உறவினர் வீட்டுத் தாழ்வாரத்திலே கண்ட காட்சி நம் எண்ணத்தை மாற்றிற்று.

கனடா தேசத்தில் பிறந்து வளர்ந்த பேரன் ஒருவன் விடுமுறைக்காக அவ்வீட்டிற்கு வந்திருந்தான். அவன் மடியில் சிறு திரையொன்று; அதிலே கண்ணுக்கினிய வர்ணங்களில் ஒரு சமையற்கட்டு. அடுப்பு எரிகிறது, கொப்பரையில் நீர் கொதிக்கிறது, மாவு ஊற்றப்படுகிறது. எண்பது வயதைக் கடந்த பாட்டி அவன் தோளருகே குனிந்து, "தட்ட மாத்தி அடுக்குய்யா, ஆவி எங்கூடி மேல ஏறும்?" என்று திருத்திக்கொண்டிருந்தார். பேரன் தட்டைத் திருப்பி வைத்தான். இட்லி வெந்தது. இருவரும் சிரித்தனர்.

ஒரு மணி நேரம் கழிந்தபின் அச்சிரிப்பு இல்லை. பாட்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஏ அய்யா, அந்தப் பய வரவே இல்லியா?" என்று மட்டும் கேட்டார்.

அவ்விளையாட்டின் பெயர் 'வெண்பா'. கனடாவின் டொரான்டோ நகரில் அபி என்னும் தமிழ் இளைஞரும் அவர்தம் கூட்டாளிகளும் 'விசை கேம்ஸ்' என்னும் சிறிய நிறுவனத்தின் பெயரால் இதனை ஆக்கி, 2023-ஆம் ஆண்டு ஜூலை 31-ல் வெளியிட்டனர். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா கழகம் முதல் படைப்புக்குரிய பரிசை இதற்கு அளித்தது. அதே ஆண்டில், பெருங் கம்பெனிகளைச் சாராத படைப்பாளிகளுக்கென்று நடத்தப்பெறும் இண்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் தலைமைப் பரிசும் இதற்கே கிடைத்தது. துப்பாக்கியும் குருதியும் இல்லாமல் இத்தகைய விளையாட்டு விற்குமா என்று கேட்டிருக்கக்கூடிய வியாபாரிகளுக்கு இப்பரிசுகள் தக்க மறுமொழியாகும்.

கதை மிக எளியது. வெண்பா என்னும் பெண்ணும் அவள் கணவன் பாவலனும் தமிழ்நாட்டிலிருந்து கனடாவிற் குடியேறியவர்கள். ஆண்டு 1988. தகுதிக்கேற்ற உத்தியோகம் அமையவில்லை. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கையில் வெண்பா கருவுற்றிருப்பது தெரியவருகிறது. பிறக்கப்போகும் பிள்ளையின் வாழ்வை முன்னிட்டு அங்கேயே தங்குகின்றனர். வெண்பாவிடம் அவள் தாயின் சமையற் குறிப்பேடு ஒன்றுண்டு. அது கிழிந்தும் கறைபட்டும் கிடப்பது. எவ்வரி அழிந்ததோ அதனை ஊகித்துக் காரியத்தைச் சரிவர முடிப்பதே விளையாடுவோன் தொழில். இட்லி, புட்டு, பிரியாணி என்று பண்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வருகின்றன. புட்டுக் குழலில் எதை முன்னே இடுவது, எதைப் பின்னே இடுவது என்று சிந்தித்துக்கொண்டிருக்கையிலேயே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. கவின் என்னும் மகன் வளர்கிறான். தாய் தமிழிற் கேட்கிறாள், மகன் ஆங்கிலத்தில் விடையளிக்கிறான். வருவான் வருவான் என்று அவள் ஒரு நாள் முழுதும் பலவகைப் பண்டங்களைச் சமைத்து வைக்க, அவன் வரவில்லை. கணவன் இறந்துபடுகிறான். அவள் தனியே தாய்நாடு திரும்புகிறாள். நெடுநாட்களுக்குப் பின் மகன் அதே ஏட்டைக் கையிலெடுக்கும்போது, பாட்டி எழுதிய தமிழெழுத்து அவனுக்கு எளிதில் வாசிக்கவொண்ணாததாய் நிற்கிறது.

இதனை விளையாட்டென்று சொல்லி விற்கிறார்களே என்று நம் நண்பரொருவர் வருந்தினார். இனிய தோற்றத்தைக் காட்டி ஏமாற்றுவது முறையோ என்பது அவர் வாதம். அவ்வாறு ஏமாற்றும் விளையாட்டுகள் உள என்பதை மறுப்பதற்கில்லை. அமெரிக்காவில் 2017-ல் வெளிவந்த 'டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப்' பள்ளிச் சிறுமியரின் கவிதைக் கழகம்போலத் தொடங்கிப் பார்ப்போர் குலைநடுங்கும்படி முடிவது. அங்கே இனிமை ஒரு முகமூடி. 'வெண்பா'விலோ முகமூடி ஏதும் இல்லை. அடுப்பின் வெளிச்சமும் தாளிக்கும் ஓசையும் முதலிலிருந்து கடைசிவரை உண்மையாகவே இனியவை. எதை இழக்கிறோம் என்பதைக் கையால் தொட்டுச் செய்துபார்த்த பின்னரன்றோ அதன் இழப்பு உறைக்கும்? கொலையும் பேயும் இல்லாமல், ஒரு மகன் தன் தாயின் கையெழுத்துக்கு அந்நியனாவதையே நடுக்கந்தரும் விஷயமாக்கியிருக்கிறார்கள். இதைக் காட்டிலும் இருண்ட கதை நாம் கண்டதில்லை.

நிற்க. இக்கதையை நாம் ஆழ்வார்திருநகரியிலே காண நேர்ந்ததை வெறுந் தற்செயலென்று தள்ள மனம் வரவில்லை. அழிந்த ஏட்டைத் தேடி மீட்பது அவ்வூருக்குப் புதிதன்று. திருவாய்மொழி முழுவதும் வழக்கொழிந்து போயிருந்த காலத்தில், நாதமுனிகள் காட்டுமன்னார்கோயிலில் பத்துப் பாசுரங்களை மாத்திரம் செவியுற்று, எஞ்சியவற்றை நாடித் திருக்குருகூருக்கு வந்து, புளியமரத்தடியில் மதுரகவிகளின் பிரபந்தத்தைப் பன்னீராயிரம் முறை ஓதிப் பெற்றார் என்பது வைஷ்ணவ குருபரம்பரை கூறும் வரலாறு. அவரவர் நம்பிக்கைக்கேற்ப அதனைக் கொள்க. அண்மைக் காலத்துச் செய்தியோ ஐயத்திற்கு இடமற்றது. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டின் பிரதிகளைத் தேடி இவ்வூருக்கு வந்து, கவிராயர்களுடைய வீடுகளில் சுவடிக் குவியல்களைப் புரட்டி, மனஞ் சோர்ந்திருந்த நிலையில் தாம் நாடியதைப் பெற்றார். 1889-ல் பத்துப்பாட்டு அச்சேறிற்று.

அவருக்கே கரிவலம்வந்தநல்லூரில் நேர்ந்த அனுபவம் வேறு. அங்கிருந்த பழஞ்சுவடிகள் எங்கே என்று அவர் வினவ, ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டதாக விடை வந்தது. பகைவர் எவரும் வந்து கொளுத்தவில்லை. நல்லெண்ணத்தோடும் பக்தியோடும் மந்திர கோஷத்தோடும் அது நடந்தேறியது. மொழி அழிவது பெரும்பாலும் இப்படி இன்முகத்தோடுதான். பிள்ளை நன்றாயிருக்கவேண்டும் என்று பாவலனும் வெண்பாவும் எண்ணியதிற் குற்றமென்ன?

அன்று மாலை நடந்ததையும் சொல்லிவிடவேண்டும். பேரன் பாட்டியிடம், திருநெல்வேலிச் சொதி செய்யும் முறையை எழுதித் தரும்படி கேட்டான். பாட்டி நடுங்குங் கையால் ஒரு தாளில் எழுதினார். கனடாப் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை, அது எதிர்பார்த்ததே. தூத்துக்குடியில் ஆங்கிலப் பள்ளியொன்றிற் பயிலும் அவ்வீட்டுப் பேத்தியிடம் தாள் சென்றது. வாய்ச்சொல்லில் மடமடவென்று தமிழ் பொழியும் அப்பெண் தாளைக் கையிலெடுத்ததும் எழுத்தெழுத்தாய்க் கூட்டத் தொடங்கினாள். கறிவேப்பிலை என்ற சொல்லில் நின்றுவிட்டாள். 1978-ல் அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் பள்ளியிற் கற்றவரல்லரோ பாட்டி? தும்பிக்கை வைத்த பழைய 'லை'யை அவர் கை மறக்கவில்லை. பேத்தியின் கண் அதனை அறிந்ததில்லை. அதையேனும் பொறுக்கலாம். மற்றைச் சொற்களிலும் அவள் தடுக்கி விழுந்ததற்குச் சமாதானம் என்ன? தோழியருக்குத் தான் எழுதும் தமிழெல்லாம் ஆங்கில எழுத்திலேயே என்று அவளே சொன்னாள். டொரான்டோவுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கடல்கள் பல. அத்தாழ்வாரத்தில் அவ்விரு பிள்ளைகளுக்குமிடையே இருந்த தூரமோ ஒரு முழம்.

இவ்விஷயத்தில் சட்டம் இல்லாமலில்லை. பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2006-லேயே இயற்றப்பட்டது. பரீட்சைக்கு வேண்டிய தமிழை அச்சட்டம் பிள்ளைகளுக்கு ஊட்டலாம். பரீட்சை முடிந்த மறுநாள் அவ்வெழுத்து வீட்டில் எங்கே வழங்குகிறது? கடிதம் எழுதுவார் இல்லை. மளிகைச் சீட்டும் கைப்பேசியிற் போயிற்று. அன்னை ஏதேனுமொன்றைத் தன் கையால் எழுதிவைத்தால்தானே மகன் அதனை வாசிக்க முயன்று தோற்கவேனும் செய்வான்!

பண்பாட்டை வெறும் இட்லியாகவும் சாம்பாராகவும் சுருக்கிவிட்டார்கள் என்று இவ்விளையாட்டின்மேல் குறை சொல்வாரும் இருக்கலாம். அக்குறையை நாம் முற்றும் தள்ளவில்லை. சோற்றைக் கொண்டு தமிழரை அடையாளங் காணும் பழக்கம் நமக்கு உவப்பானதன்று. ஆயினும் இக்கதையில் உணவு நிமித்தமேயன்றிப் பொருளன்று. ஏட்டிலுள்ள எழுத்தே பொருள். பிறிதொரு குறை எமக்குண்டு. இத்தகையதொரு படைப்பு டொரான்டோவிலிருந்து வந்ததேயன்றிச் சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வரவில்லை. கணினித் தொழிலில் நம் இளைஞர்கள் உலகமெங்கும் பெயர் பெற்றுள்ளார்கள். தம் வீட்டுச் சமையற்கட்டை மட்டும் அவர்கள் இன்னும் திரும்பிப் பார்த்த பாடில்லை.

தூத்துக்குடியிற் சுதேசிக் கப்பல் விட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் வகுத்த உரையையும் பதிப்பித்தவர் என்பதை மேடைகளிற் பேசும் நம் தொண்டர்கள் அறிவார்கள். தமிழுக்காகக் குரல் கொடுப்பதில் அவர்கள் எவருக்கும் இளைத்தவரல்லர். அத்தொண்டர்களுக்கே ஒரு வார்த்தை. சென்ற வாரம் இம்மாவட்டத்தில் நடந்த தமிழுரிமைக் கூட்டமொன்றுக்கு நமக்குக் கைப்பேசியில் அழைப்பு வந்தது. இடம், நாள், நேரம் எல்லாம் பிழையின்றி இருந்தன. எழுத்து மாத்திரம் ஆங்கிலம். அடுத்த கூட்டத்தின் அழைப்பையாவது தமிழெழுத்தில் எதிர்பார்க்கிறோம்.