கப்பு யாருக்கு சார்?

மார்ச் மாதம் வந்தால் கல்லூரிகளில் ஷீல்டு சீசன். ஷாமியானா, பொன்னாடை, ஒன்றரை மணி நேரம் லேட்டாக வரும் சிறப்பு விருந்தினர். நீச்சல் அணியைக் கூப்பிடும்போது பாதிப் பேர் பிரியாணிப் பொட்டலத்துக்கு எழுந்து போயிருப்பார்கள்.

நாஞ்சில் நாட்டில் நான் பி.காம். படித்த கல்லூரியிலும் (பேரு எதுக்கு, விடுங்க) இதே கதைதான். எங்கள் அணியில் ஒரு கடற்கரைப் பையன் இருந்தான். வள்ளம் கவிழ்ந்தால் இன்னொருத்தனையும் இழுத்துக்கொண்டு கரை சேரக்கூடியவன். கடலில் நீந்துகிறவன் அலையைப் பார்க்கத் தலையைத் தூக்குவான். நீச்சல் குளத்தில் தலையைத் தூக்கினால் வேகம் போச்சு. குட்டிக்கரணம் போட்டுச் சுவரை உதைத்துத் திரும்புகிற வித்தையும் அவனுக்குத் தெரியாது. கடலில் ஏது சுவர்? ஆக, 'சிறந்த நீச்சல் வீரர்' கப்பு டவுனில் ஃபீஸ் கட்டிப் பழகிய பையனுக்கு. இவனுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர். "சாயா குடிக்கலாம்லா மக்கா" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெயித்தவன்மேல் தப்பில்லை. வேகத்துக்குப் பரிசு கொடுங்கள், யார் வேண்டாமென்றது? வேகத்துக்கு மட்டுமே கொடுக்கிறீர்களே, அதுதான் வயிற்றெரிச்சல். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலேயே திறந்த நீரில் 10 கிலோமீட்டர் நீச்சலுக்குப் பதக்கம் கொடுத்துவிட்டார்கள். ஏறக்குறைய 70 கிலோமீட்டர் கடற்கரை வைத்திருக்கும் நமக்கு இன்னும் நாலு சுவருக்குள்தான் நீச்சல்.

பெரிய விருது வாங்கியவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? குற்றாலீஸ்வரன் 1994-ல், பள்ளிக்கூடப் பையனாக, ஒரே வருடத்தில் ஆறு நீரிணைகளைக் கடந்தார். மிஹிர் சென் 1966-ல் செய்த சாதனை முறிந்தது. அர்ஜுனா விருதும் வந்தது. ஸ்பான்சர்தான் வரவில்லை. நீச்சலை விட்டுவிட்டு என்ஜினீயரிங் படிக்கப் போனார். கப்பு செலவுக் கணக்கு, பயிற்சி முதலீடு. இதைச் சொல்ல பி.காம்.கூட வேண்டாம்.

2024 மே 6. கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து பிள்ளைகளைக் கடல் கொண்டுபோனது. 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருந்த நாட்கள் அவை. காற்று, மழை எதுவும் இல்லாமல், எங்கோ தூரத்தில் கிளம்பி வந்து திடீரென்று ஏறுகிற கடல். அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் கடற்கரைப் பையன் காலை நனைத்திருக்க மாட்டான். எப்போது இறங்கக் கூடாது என்பதும் நீச்சல்தானே சார்? அதை எந்த சிலபஸில் வைத்திருக்கிறீர்கள்?

வருஷத்துக்கு ஒரே ஒரு கப்பு, கூடப் படிக்கிற பத்துப் பேருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவனுக்குக் கொடுத்துப் பாருங்கள். எவர்சில்வர் டம்ளர் வாங்கியவன் வாத்தியாராகிவிடுவான். கப்பு வாங்கியவன் அவனிடம் கடலைப் படிப்பான்; திரும்பும் வித்தையை இவன் அவனிடம் படிப்பான்.

சிறப்பு விருந்தினர் எப்படியும் லேட்டாகத்தான் வருவார். அதுவரை மைக்கில் ஒன்று கேளுங்கள்: இங்கே நீந்தத் தெரியாதவர்கள் யார் யார், கையைத் தூக்குங்கள். மேடையில் இருப்பவர்களும்தான்.