நிறம் மாறுகிறதா, நாம் ஏமாறுகிறோமா?

"நிறம் மாறும் எல்.ஈ.டி. விளக்கு எப்படி வேலை செய்கிறது?" முதலாண்டு மாணவர்களிடம் இக்கேள்வியைக் கேட்பது என் வழக்கம். "மின்னழுத்தத்தை மாற்றினால் நிறம் மாறும்" என்றே பலரும் விடை கூறுவர். அவர்களை நான் குறைகூற மாட்டேன். விளக்குக்கு நாம் வைத்த பெயர்தான் தவறு.

எந்த டயோடும் தன் நிறத்தை மாற்றிக்கொள்வதில்லை. குறைகடத்திப் படிகத்தில் எலெக்ட்ரான் ஒன்று துளையுடன் சேரும்போது, அப்படிகத்தின் ஆற்றல் இடைவெளிக்கு ஏற்ற ஒளி வெளிப்படுகிறது. இடைவெளி ஏறத்தாழ 2 எலெக்ட்ரான் வோல்ட் என்றால் சிவப்பு; 2.7 என்றால் நீலம். மின்னோட்டத்தைக் கூட்டினால் வெளிச்சம் கூடுமேயன்றிச் சிவப்பு நீலமாகிவிடாது. நீலம் வேண்டுமானால் படிகத்தின் பொருளையே மாற்ற வேண்டும். 1962ஆம் ஆண்டில் நிக் ஹோலோனியாக் சிவப்பு டயோடைச் செய்துகாட்டினார். பிரகாசமான நீல டயோடு வர 1990களின் தொடக்கம் ஆயிற்று. அதற்கேற்ற கேலியம் நைட்ரைடு படிகத்தைக் குறையின்றி வளர்ப்பது அத்தனை கடினம். அதற்காக உழைத்த அகசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றனர். மின்னழுத்தத்தைத் திருகியே நீலத்தைப் பெறலாமென்றால் இவ்வளவு பாடு எதற்கு?

அப்படியானால் அந்த விளக்கினுள் நடப்பது என்ன? சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று டயோடுகள் நெருக்கமாக அமைந்துள்ளன. ஒரு சிறு மின்சுற்று அவற்றை வினாடிக்குப் பல நூறு முறை ஏற்றி அணைக்கிறது. அதிக நேரம் எரிவது தூக்கலாகத் தெரிகிறது. கலவை நடப்பது நம் கண்ணில்!

மஞ்சளைப் பாருங்கள். சோடியம் விளக்கின் மஞ்சள் 589 நானோமீட்டர் அலைநீளமுள்ள உண்மையான மஞ்சள். மூன்று டயோடு விளக்கு காட்டும் மஞ்சளிலோ சிவப்பும் பச்சையும் மட்டுமே உண்டு. விழித்திரையின் கூம்பு செல்கள் இரண்டுக்கும் ஒரேவிதமாகத் தூண்டப்படுவதால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். தவறான பெயர் தேர்வுத்தாள்வரை வந்து நிற்கிறதே! 'மூவண்ண விளக்கு' என்று கற்பித்து, செய்முறை வகுப்பில் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். கருவியும் எளிது: பழைய குறுந்தகடு ஒன்று. இருட்டறையில் விளக்கை மஞ்சளில் நிறுத்தி, சில அடி தள்ளி நின்று, அதன் பிம்பத்தைத் தகட்டில் சாய்த்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் தனித்தனியே நிற்கும். மஞ்சள் எங்கே போயிற்று என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள்.