பழைய காருக்குச் சூடு எங்கிருந்து?

வேப்பூர் வெயிலில் கார் ஹீட்டரா என்று சிரிக்காதீர்கள். அங்கிருந்து டிசம்பரில் உதகைக்குப் புறப்படும் பழைய அம்பாசிடருக்கு அது தேவைதான்.

கடையில் 12 வோல்ட் பீங்கான் ஹீட்டர் விற்கிறது. பக்கத்து விருத்தாசலத்துக் கோப்பைப் பீங்கான் அல்ல இது, பேரியம் டைட்டனேட். சூடு அளவு மீறினால் இதன் மின்தடை ஏறி, மின்னோட்டம் தானாகவே குறையும். கெட்டிக்காரப் பீங்கான்! மின்சாரக் காருக்குப் பொருத்தமானதும்கூட. ஆனால் பழைய காரின் 15 ஆம்பியர் ஃபியூஸ் தாங்குவது 12 × 15 = 180 வாட்தானே?

என்ஜினைக் குளிர்விக்கும் நீரோ ஏறத்தாழ 80 டிகிரிச் சூட்டில் ஓடி, பல கிலோவாட் வெப்பத்தை வீணே வெளியில் கொட்டுகிறது. அந்நீரைக் குழாயில் பிரித்து, உள்ளே ஒரு சிறு ரேடியேட்டரும் விசிறியும் வைப்பதே என் கட்சி. புகைக்குழாய்ச் சூட்டை மட்டும் நாடவேண்டாம். அதில் ஓட்டை விழுந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணமே கிடையாது.