சத்தியம் வாங்கியது போதும்

குடிப்பவனிடமிருந்து நம் நாட்டில் எளிதாக வாங்கக்கூடியது ஒன்று உண்டு. அது சத்தியம். தாய் மகனின் கையைத் தன் தலைமேல் வைத்து வாங்குகிறாள். மனைவி குழந்தையை முன்னிறுத்தி வாங்குகிறாள். ஊர்ப் பெரியவர்கள் கோவில் வாசலில் சூடம் அணைக்கச் சொல்லி வாங்குகிறார்கள். நாமோ தியான நாள்களின் நிறைவில், பீடத்தின் முன் முழந்தாளிடச் செய்து வாங்குகிறோம். அரசும் இதில் பின்தங்கவில்லை. 2022 ஆகஸ்டு 11 அன்று தமிழகமெங்கும் மாணவர்கள் போதைப்பொருளுக்கு எதிராக உறுதிமொழி எடுத்துக்கொண்டனர். வாங்கியவர்கள் நிம்மதியோடு வீடு திரும்புகிறோம். கொடுத்தவன் பிறகு என்ன ஆனான் என்று கேட்பதில்லை.

அந்த நிம்மதியைக் குலைப்பதற்காகவே இதை எழுதுகிறேன். சத்தியம் சிகிச்சை ஆகாது. சிகிச்சை தரவேண்டிய இடத்தில் சத்தியம் வாங்கி அனுப்புவது, நோயுற்றவனுக்கு நாம் இழைக்கும் அநீதி.

மணவாள நகரில் வாழும் ஒரு தொழிலாளியை எண்ணிக்கொள்வோம். திருவள்ளூர் ரயில் நிலையத்தை அடுத்த இப்பகுதியிலிருந்து காக்களூர் தொழிற்பேட்டைக்கோ, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமோ, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ ஷிப்டு வேலைக்குச் செல்வோரில் அவரும் ஒருவர். ஒப்பந்தத் தொழிலாளி. இரவு ஷிப்டின் உடல்வலி தீரக் குடிக்கத் தொடங்கியவர், பத்து ஆண்டுகளில், விடிந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டார். ஞாயிறன்று அவர் சத்தியம் செய்கிறார். மனதாரவே செய்கிறார். திங்கள் முழுவதும் வியர்வை, நடுக்கம், உறக்கமின்மை. செவ்வாய், புதன் அளவில் சுவரில் இல்லாத பூச்சிகள் ஊர்கின்றன. யாரோ பெயர் சொல்லி அழைக்கும் குரல் கேட்கிறது. வலிப்பும் வரலாம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது உண்டாகும் இந்தச் சன்னிநிலையை மருத்துவம் நன்கு அறியும்; கவனிக்காமல் விட்டால் உயிரையே பறிக்கும் என்றும் அறியும். வீட்டாரோ பேய் பிடித்தது என்றெண்ணி மந்திரிக்க அழைத்துச் செல்கிறார்கள். அல்லது அவரே தாங்கமாட்டாமல் கடைக்கு ஓடுகிறார். "சத்தியத்தை மீறியவன்" என்று ஊர் பேசுகிறது. முன்பு அவரிடம் நோய் மட்டுமே இருந்தது. இப்போது குற்றவுணர்வும் சேர்ந்துவிட்டது. அதை மறப்பதற்காக இன்னும் குடிக்கிறார்.

குடிநோயாளியின் மீது இரக்கம் கொண்டவர்கள் கற்பித்த சமாதானமாகச் சிலர் இந்த 'நோய்' என்ற சொல்லைக் கருதுகிறார்கள். அவர்கள் சட்டத்தைப் படிக்கட்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு இணைந்த மனநிலைகளை மனநோய் என்னும் வரையறைக்குள் வைத்தது. அரசு நடத்தும் மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாகவும் ஆக்கியது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில்கூட 64-ஏ என்றொரு பிரிவு உண்டு. போதைப்பொருளைப் பயன்படுத்திய குற்றத்திற்கு ஆளான ஒருவர், அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற நிலையத்திலோ தாமே முன்வந்து சிகிச்சை பெற்று முடித்தால், வழக்கிலிருந்து அவருக்கு விலக்கு அளிக்க அது வழிசெய்கிறது. எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? கஞ்சாவோடு பிடிபட்ட மகனுக்காக வக்கீலைத் தேடுபவர்கள், மருத்துவரைத் தேடலாம் என்பதை அறிவதில்லை.

அறியாததன் விளைவு என்ன? 2019இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்ற 37 பேருக்கும் நாம் கொடுத்தவை வசவு, அடி, அறிவுரை, சத்தியம்.

வேறு சிலவும் கொடுக்கிறோம். "அவருக்குத் தெரியாமலே உணவில் கலந்து கொடுக்கலாம்" என்னும் விளம்பரங்களைப் பேருந்து நிலையச் சுவர்களில் காணாதவர் இல்லை. மதுவோடு சேரும்போது இரத்த அழுத்தத்தைத் தடாலெனக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு. அவற்றை மருத்துவர் நோயாளியின் அறிவோடும் ஒப்புதலோடும் தரவேண்டும். குழம்பில் கலந்து கொடுப்பது கணவனின் உயிரோடு ஆடும் சூதாட்டம். இன்னும் சிலர், உரிமம் இல்லாத 'மறுவாழ்வு' இல்லங்களில் பணம் கட்டி அடைத்துவிட்டு வருகிறார்கள். அத்தகைய இடங்களில் அடிபட்டு மாண்டவர்களைப் பற்றிய செய்திகளை நாளேடுகளில் பலமுறை படித்திருக்கிறோம். பூட்டும் பிரம்பும் மறுவாழ்வு தருமென்றால், சிறைகளிலிருந்து புனிதர்களே வெளிவர வேண்டும்.

அப்படியானால் நாம் தரவேண்டியது எது? உடலுக்கு மருத்துவம், அதைத் தொடர்ந்து உள்ளத்திற்கு ஆற்றுப்படுத்தல். கவுன்சிலிங் என்று இன்று வழங்குவதற்குத் தமிழ் தந்திருக்கும் இச்சொல் நம் பழைய இலக்கியத்தில் வேரூன்றியது. பத்துப்பாட்டில் உள்ள ஆற்றுப்படைகளில், வறுமை நீங்கிப் பரிசில் பெற்று வரும் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொருவனுக்கு வழி சொல்கிறான். தான் நடந்த வழியையே சொல்கிறான். அவனுடைய வறுமைக்காக அவனை ஏசுவதில்லை. ஆறு என்றால் வழி. வழி காட்டுபவன் சத்தியம் கேட்பதில்லை.

ஆற்றுப்படுத்துநர் என்ன செய்கிறார்? முதலில் கேட்கிறார். குடி உங்களுக்கு எதைத் தந்தது, எதைப் பறித்தது என்று இரண்டையும் கேட்கிறார். எந்த வேளையில் அந்த வேட்கை மிகுகிறது? சம்பள நாளிலா, ஷிப்டு முடியும் விடியற்காலையிலா, வீட்டில் சண்டை மூண்டபின்பா, ஒரு நண்பனைக் கண்டதுமா? அந்த வேளைக்கென ஒரு மாற்று ஏற்பாட்டை அவரோடு சேர்ந்து வகுக்கிறார். இடையில் அவர் மீண்டும் குடித்துவிட்டால், எங்கே கால் இடறியது என்று இருவரும் ஆராய்கிறார்கள். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனியே நேரம் ஒதுக்குகிறார், அவர்களும் காயப்பட்டவர்களே. வலிநிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞனிடம் ஊசிவழி பரவும் நோய்களைப் பற்றியும் பேசுகிறார். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து நெருக்கடியான அறையில் பலரோடு படுத்துறங்கும் தொழிலாளிக்கு, அவர் மொழியில் பேசும் ஒருவரைத் தேடுகிறார். இது ஒரு நாள் வேலையன்று. மாதக்கணக்கில் நீளும் பொறுமை.

"அவன் திருந்த நினைத்தால்தானே எவரும் உதவ முடியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்போல ஒலிக்கும் இக்கேள்வி கைகழுவுவதற்கு மிகவும் வசதியானது. திருந்தும் விருப்பம் ஆற்றுப்படுத்தலின் வழியாகவே வளர்கிறது. அமெரிக்க உளவியலர் வில்லியம் மில்லரும் உடனாய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாக்கியது. சிகிச்சையாளர் எவ்வளவுக்கு எதிர்த்து வாதிட்டு இடித்துரைத்தாரோ, அவ்வளவுக்கு அந்நோயாளி ஓராண்டுக்குப் பின் அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார். இடித்துரைத்தே பழகிய நமக்கு இது கசக்கும். கசந்தாலும் விழுங்க வேண்டும்.

"இதற்கெல்லாம் நிபுணர்கள் எங்கே?" என்பது அடுத்த தடை. தொடங்கியவர்கள் எல்லாரும் நிபுணர்களாகத் தொடங்கவில்லை. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அவர் பெயரால் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். மருத்துவத்தோடு ஆற்றுப்படுத்தலையும், நோயாளியோடு குடும்பத்தையும் அது சேர்த்தே கவனித்தது. கடலுக்கு அப்பாலும் ஒரு சான்று உண்டு. 1939இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடிநோயாளிகளை மருத்துவமனைகள் விரட்டிய காலத்தில், புனித தோமா மருத்துவமனையின் அருட்சகோதரி இக்னேசியா ஒருவரை இரைப்பை அழற்சி என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார். அவரை அழைத்துவந்த மருத்துவர் ராபர்ட் ஸ்மித், தாமே குடியிலிருந்து மீண்டவர். 1935இல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தோழமையைத் தோற்றுவித்த இருவரில் ஒருவர். அந்தச் சகோதரி எவரையும் சத்தியம் செய்துவிட்டு வா என்று வாசலில் நிறுத்தவில்லை. படுக்கை தந்தார்.

நம் நாட்டிலேயே அண்மைச் சான்றும் இருக்கிறது. கோவாவின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து, 2017இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு அது. மனநல மருத்துவர் அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்வாசிகள், தீங்கான அளவில் குடித்த ஆண்களோடு சில அமர்வுகள் பேசினார்கள். மூன்று மாதங்களில், அப்பேச்சைப் பெற்றவர்களில் 36 விழுக்காட்டினர் அந்நிலையிலிருந்து மீண்டிருந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் மீண்டவர்கள் 26 விழுக்காட்டினர். முற்றிய நோய்க்கு மருத்துவரே தேவை. ஆனால் முற்றுவதற்கு முன்பே வழிகாட்ட, நம்மிடையே உள்ள ஆசிரியரும் செவிலியரும் தொழிற்சங்கத் தோழரும் பயிற்சி பெறலாம்.

"கடைகளை மூடினால் போதுமே" என்பார்கள். மூடட்டும், வரவேற்போம். 2023 ஜூன் 22 அன்று 500 கடைகள் மூடப்பட்டன. ஆயினும் 2024-25 நிதியாண்டில் மது விற்பனையால் தமிழக அரசுக்கு வந்த வருவாய் ரூ.48,000 கோடிக்கு மேல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், நடுங்கும் கையோடு விடியலில் எழுபவர் ஒருவர் இருக்கவே செய்வார். அவ்வருவாயில் ஒரு சிறு பங்கேனும் ஒவ்வொரு தொழிற்பகுதிக்கும் நிலையான ஆற்றுப்படுத்துநர்களை அமர்த்தச் செலவாகட்டும். போதையில் வந்த ஒப்பந்தத் தொழிலாளியை வாயிலிலேயே கணக்குத் தீர்த்து அனுப்பும் ஆலைகளும், அவரை மருத்துவத்திற்கு அனுப்பி வேலையைக் காத்துவைக்கக் கற்கட்டும்.

நம் பங்கு என்ன? திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. அங்கு துணைக்குச் செல்ல ஓர் ஆளை நாம் தரலாம். ஆலய மண்டபத்தை வாரம் ஒரு மாலை, மீண்டோர் கூடிப் பேசத் திறந்துவைக்கலாம். 14446 என்னும் போதை மீட்பு உதவி எண்ணையும், 14416 என்னும் மனநல உதவி எண்ணையும் அறிவிப்புப் பலகையில் எழுதலாம். பாவமன்னிப்பு அருள்வது ஒன்று. நோய் தீர்ப்பது வேறொன்று. முன்னதைத் தந்துவிட்டதால் பின்னதிலிருந்து நமக்கு விடுதலை கிடைத்துவிடாது.

இனியும் சத்தியம் வாங்கியே தீருவேன் என்பவர் இருந்தால், அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிறன்று வாங்குங்கள். ஆனால் புதன் இரவு, அந்த மனிதர் சுவரைப் பார்த்து அலறும்போது, அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நீங்களும் அந்த வீட்டில் இருங்கள். இருக்க இயலாது என்றால், கையை நீட்டாதீர்கள்.