நிமிர்ந்து இரு எண்டு சொல்ல முதல் ஒரு மேசை தாங்கோ

"கூனிக்கொண்டு இருக்காத, நிமிர்ந்து இரு." சின்னனில் அம்மா சொன்னா, பள்ளிக்கூடத்தில் ரீச்சர் சொன்னா. இப்போது 30 செக்கன் வீடியோக்களில் முன்பின் தெரியாத ஆட்கள் சொல்கிறார்கள். வீடியோ முடியும்போது பளபளவென்று ஒரு அலுமினிய லப்டொப் ஸ்டாண்ட் வரும். அதை வாங்கினால் பிடரி நோவு, நாரி நோவு எல்லாம் பறந்துவிடுமாம். அதட்டுகிறவரும் விற்கிறவரும் சொல்வது ஒன்றுதான்: நோவுக்குக் காரணம் நீ, உன்ர பழக்கம், உன்ர சோம்பல். இதை நாங்கள் ஏற்கப் போவதில்லை.

நாங்கள் எங்கே இருந்து எழுதுகிறோம் என்று முதலில் பாருங்கோ. விடுதி அறையில் நாலு கட்டில், ஒரு மேசை. அந்த மேசையில் நாலு பேருடைய தண்ணிப் போத்தல், சார்ஜர், கண்ணாடி, பிஸ்கட் பெட்டி. பிளக் இருப்பது கட்டில் பக்கத்துச் சுவரில். ஆகவே கட்டிலில் சப்பாணி கட்டி இருந்து, மடியில் தலகணி, அதற்கு மேல் லப்டொப். ஆய்வுக்கட்டுரைக்காக எடுத்த ஒரு மணித்தியால நேர்காணலை எழுத்தில் இறக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போய்விடும். கேட்டு, நிறுத்தி, பாமினியில் அடித்து, யூனிகோடுக்கு மாற்றி, மாறும்போது உடைந்த எழுத்துகளைத் திருத்தி முடிக்கிற நேரம் நாடி நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும். வீட்டுக்குப் போனாலும் பெரிசாக ஒன்றும் மாறாது. இருக்கிற ஒரே மேசை ஏ.எல் எடுக்கிற தம்பிக்கு. அக்கா குசினி வேலை முடித்து வந்து நிலத்தில் இருந்து அடிக்கலாம். அவ கம்பஸ் பிள்ளைதானே, எங்க இருந்தும் படிப்பா.

இதில் லப்டொப் என்ற சாமானுக்கும் பங்கு உண்டு. 1981இல் வந்த ஒஸ்போர்ன் 1 என்ற தூக்கிச் செல்லும் கணினி 11 கிலோ பாரம், தையல் மெசின் பெட்டி மாதிரி. ஆனால் அதன் கீபோர்ட் மூடியோடு சேர்ந்து கழன்று வயரோடு தனியாக வந்தது. அடுத்த ஆண்டு வந்த கிறிட் கொம்பஸ், திரையையும் கீபோர்டையும் பிணைச்சல் போட்டுப் புத்தகம் மாதிரி மடக்கியது. இன்றைக்கு எங்கட மடியில் இருப்பது அதன் பேரப்பிள்ளை. பையில் வைக்க வசதி, உடம்புக்கு வசதியில்லை. திரை கண் மட்டத்துக்கு வந்தால் கைகள் அந்தரத்தில் நிற்கும். கைகள் சுகமாக இருந்தால் கழுத்து குனியும். எவ்வளவு ஒழுக்கமாக இருந்தாலும் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

அதனால்தான் ஸ்டாண்டை மட்டும் வாங்குவது வீண்செலவு என்கிறோம். எங்களில் ஒருத்தி மகாபொலக் காசில் மிச்சம் பிடித்து வாங்கினாள். உயர்த்தி வைத்த லப்டொப்பிலேயே எட்டி எட்டி அடித்தாள். இரண்டு கிழமையில் கழுத்து நோவு தோள்மூட்டுக்கு இறங்கியது, ஸ்டாண்ட் கட்டிலுக்குக் கீழே போனது. முதலில் வேண்டியது தனிக் கீபோர்டும் மவுசும். பழைய டெஸ்க்டொப்பில் கழற்றிய வயர்க் கீபோர்ட் போதும். கொம்பியூட்டர் திருத்துகிற கடைகளில் கேட்டுப் பாருங்கோ. ஸ்டாண்டுக்குப் பதிலாக ஏ.எல் காலத்துப் பாஸ்ட் பேப்பர் புத்தகங்களை அடுக்குங்கோ, கடைசியில் அவையும் ஒன்றுக்கு உதவட்டும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது கொஞ்சம் கீழே, திரை ஒரு கை நீளத் தூரத்தில், தோள் தளர்ந்து, முழங்கை உடம்போடு. காத்துப் போகிற ஓட்டைகளை மூடாதேங்கோ. ஒரு கிழமை அப்படி இருந்து பார்த்துவிட்டு அடிமட்டத்தால் அடுக்கின் உயரத்தை அளவுங்கோ. எங்களுக்குள் அளந்தபோது 14 தொடக்கம் 19 சென்ரிமீற்றர் வரை வந்தது. அந்த அளவோடு போனால் கடைக்காரர் பேய்க்காட்ட ஏலாது. விசிறி பூட்டிய கூலிங் பாட் கொஞ்சம்தான் உயர்த்தும், அது லப்டொப்பின் சூட்டுக்கான சாமான். கட்டிலில் வைக்கிற குட்டிக் கால் மேசை தலகணியை விடப் பரவாயில்லை, அவ்வளவுதான். மூட்டு வைத்து மடங்குகிற ஸ்டாண்ட் என்றால் கடையிலேயே லப்டொப்பை ஏற்றி ஆட்டிப் பாருங்கோ.

பயமுறுத்துகிறவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் என்ற படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது 2014இல் ஒரு அமெரிக்க முதுகெலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் கணினி மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு. நோவோடு இருக்கிற ஆட்களுடைய கழுத்தில் அளந்தது இல்லை. 2018இல் வெளியான பிரேசில் ஆய்வு ஒன்று 18 முதல் 21 வயது வரையான 150 பேரைப் பார்த்தது. குனிந்து போன் பார்க்கிற விதத்துக்கும் கழுத்து நோவுக்கும் அதில் தொடர்பு தென்படவில்லை. அதற்காகக் குனிந்தே கிடக்கலாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நிமிர்ந்து விறைத்தபடி மூன்று மணித்தியாலம் இருந்தாலும் நாரி பிடிக்கும்தான். கொஞ்ச நேரம் மேசையில், கொஞ்ச நேரம் நின்று, கொஞ்சம் நடந்து என்று மாறி மாறி இருக்க உடம்பு கேட்கிறது. நாலு கட்டில் அறையில் எங்கே மாறுவது?

"ஆர்ட்ஸ் பிள்ளையளுக்கு என்னத்துக்கு இந்த வசதியெல்லாம், கொப்பியும் பேனையும் காணும்தானே" என்ற கதையைப் பீடத்துக்குள்ளேயே கேட்டிருக்கிறோம். ஆனால் கொப்பியில் எழுதிய அசைன்மென்டை ஒருவரும் வாங்குவதில்லை. எல்லாம் டைப் பண்ணி, வரி இடைவெளி பார்த்து, பைண்ட் பண்ணித் தர வேண்டும். 2020இல் சூமுக்குள் போன படிப்பு அப்படியே திரைக்குள் தங்கிவிட்டது. 2022இல் டொலர் ஏறி லப்டொப் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது கடன்பட்டு வாங்கியதும் நாங்கள்தான். வாசிகசாலை மேசைகள் மட்டும் இன்னும் லப்டொப்புக்கு முந்திய காலத்தில் நிற்கின்றன. பிளக் சுவரோரத்தில் மட்டும். அந்த ஆறு கதிரைக்கு விடியவே போய் கொப்பி வைத்து இடம் பிடிக்க வேண்டும்.

பீடத்தின் பழைய கணினி அறையில் கழித்துவிட்ட கீபோர்டுகள் தூசி பிடித்துக் கிடக்கின்றன. அவற்றைப் புத்தகம் மாதிரி இரவல் தாங்கோ, இரவு பத்து மணி வரைக்கும் வாசிப்பு அறையைத் திறந்து வையுங்கோ, அறைக்கு இன்னுமொரு மேசை போடுங்கோ என்று கடிதம் கொடுத்தோம். அறையும் மேசையும் பற்றிப் பதிலே இல்லை. கீபோர்டுகள் பொருட்பதிவேட்டில் இருக்கிற சாமான்களாம், வெளியே கொடுக்க ஏலாதாம். இரண்டாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை எந்த அலுமாரியில் எத்தனை கிடக்கிறது என்று எண்ணிப் போட்டிருக்கிறோம்.